எந்த இடத்தில் நிற்கிறது?

மின்காந்தவியல் பாடம் நடத்தும் எந்த ஆசிரியரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கை எழும். “சார், மோட்டாரையும் டைனமோவையும் சேத்துக் கட்டிட்டு, டைனமோல வர்ற கரண்டை மோட்டாருக்கே குடுத்தா, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்ல?”

பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான். “ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அதனால ஓடாது. உக்காரு.” பையன் உட்கார்ந்துவிடுவான். நானும் ஒரு காலத்தில் அப்படி உட்கார்ந்தவன்தான். பதிலில் தப்பில்லை, பரீட்சையில் எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் கேள்வி உள்ளே அப்படியே கிடக்கும். சில வருடங்கள் கழித்து, எக்ஸ்டென்ஷன் பெட்டியின் பிளக்கை அதே பெட்டியில் செருகி பல்பை எரியவைக்கும் வீடியோ ஒன்று கைப்பேசிக்கு வரும். அன்று அந்தப் பழைய சந்தேகம் எழுந்து உட்காரும். “ஒருவேளை உண்மையாக இருக்குமோ?” காசு கொடுத்து ஏமாறுகிறவர்களின் பயணம் அந்த ‘ஒருவேளை’யில்தான் தொடங்குகிறது.

வரவும் செலவும் ஒத்துப்போகாத ஒரு கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கு இடிக்கிறது என்று சொல்வது சுலபம். எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இடிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறவர்தான் கணக்குப்பிள்ளை. ஆற்றல் அழிவின்மை விதி முதல் வேலையைச் செய்கிறது. இரண்டாவதை நாம்தான் செய்யவேண்டும். ஓயாமல் ஓடுவதாகச் சொல்லப்படும் எந்திரம் எதுவானாலும் என்னைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எந்த இடத்தில் நிற்கிறது? விதியின் பெயரைச் சொல்லக்கூடாது. விசையைக் காட்டவேண்டும்.

மோட்டார் பையனுக்கு அப்படிக் காட்ட, ஒரு பழைய சைக்கிள் போதும். சக்கரத்தோடு உரசும் டைனமோ வைத்த சைக்கிளை இருட்டில் ஓட்டியவர்களுக்கு இது காலிலேயே தெரியும். டைனமோவைத் தட்டி டயரில் சாய்த்ததும் மிதி கனக்கும். உராய்வுதான் காரணம் என்று நினைப்போம். பல்பைக் கழற்றிவிட்டு, டைனமோவை டயரிலேயே விட்டு மிதித்துப் பாருங்கள். உராய்வு அப்படியே இருக்கிறது, ஆனால் கனம் கணிசமாகக் குறைந்துவிடும். மின்சாரம் ஓடும்போது மட்டும் கூடுதலாக ஏதோ ஒன்று காலைத் தடுக்கிறது. அந்தக் கூடுதல், சுருளில் ஓடும் மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் இடையே பிறக்கும் எதிர்விசை. எவ்வளவு மின்சாரம் எடுக்கிறோமோ அவ்வளவு எதிர்விசை. மோட்டார்–டைனமோ ஜோடி நிற்கும் இடம் அதுதான். டைனமோ கொடுக்கிற ஒவ்வொரு சொட்டு மின்சாரத்துக்கும் விலையாக மோட்டாரின் கழுத்தைப் பிடிக்கிறது. கம்பி சூடாவதற்கும் அச்சு உரசுவதற்கும் கொடுக்க அதன் கையில் மிச்சம் எதுவும் இருப்பதில்லை. இதைக் காலால் உணர்ந்த பிள்ளையிடம் யாரும் அந்த வீடியோவை விற்க முடியாது.

இந்த ஆசை பழையது, நம் நாட்டிலும் பழையது. இரண்டாம் பாஸ்கரர் 1150இல் எழுதிய சித்தாந்த சிரோமணியில், கருவிகளைப் பற்றிய பகுதியில் ஒரு சக்கரம் வருகிறது. லேசான மரத்தில் செய்த சக்கரம். அதில் சம இடைவெளியில் உள்ளே துளையுள்ள ஆரக்கால்கள், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தவை. நந்தியாவட்டைப் பூவின் இதழ்கள் ஒரே பக்கம் சுழித்திருக்குமே, அதுபோலக் கற்பனை செய்துகொள்ளலாம். குழாய்களில் பாதியளவு பாதரசம். இரண்டு தூண்களுக்கு நடுவே அச்சில் பொருத்தினால் தானே சுழலும் என்கிறது நூல். ஏறக்குறைய 80 ஆண்டுகள் கழித்து, பிரான்ஸில் வில்லார் த ஓனெகூர் என்பவர் தம் வரைபட ஏட்டில் இதற்கு உறவான ஒன்றை வரைந்திருக்கிறார். விளிம்பில் ஏழு சுத்தியல்கள் தொங்கும் சக்கரம் அது. ஏட்டை இன்றும் பாரீஸின் தேசிய நூலகம் பாதுகாக்கிறது.

எண்ணம் இதுதான். சக்கரத்தின் வலப்பக்கம் கீழிறங்கும்போது பாரம் விளிம்புக்கு ஓடும், இடப்பக்கம் மேலேறும்போது அச்சுக்கு அருகே ஒதுங்கும். நீளமான கையில் தொங்கும் எடைக்குத் திருப்புத்திறன் அதிகம். ஆகவே வலப்பக்கம் எப்போதும் ஜெயிக்கும். சீசாவில் விளையாடிய குழந்தைக்குக்கூட இது நியாயமாகத் தோன்றும்.

இதில் விரல் வைக்கவேண்டிய இடம் எண்ணிக்கை. வலப்பக்கத்தில் பாரம் தள்ளி இருக்கிறது, உண்மை. ஆனால் எத்தனை பாரம்? குண்டு வைத்த சக்கரம் ஒன்றைக் காகிதத்தில் ஒழுங்காக வரைந்து எண்ணிப்பாருங்கள். தள்ளி நிற்கும் பக்கத்தில் குண்டுகள் குறைவாகவும், ஒதுங்கி நிற்கும் பக்கத்தில் அதிகமாகவும் இருக்கும். இந்தப் பக்கம் நான்கு குண்டு இரண்டு அடி தூரத்தில் என்றால், அந்தப் பக்கம் எட்டு குண்டு ஒரு அடி தூரத்தில். நான்கு இரண்டு எட்டு, எட்டு ஒன்று எட்டு. வடிவம் எதுவாக இருந்தாலும், சக்கரம் கொஞ்சம் ஆடி, இரு பக்கமும் சமமாகும் ஒரு நிலையில் போய் உட்கார்ந்துவிடும்.

வரையவும் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அது. பாஸ்கரர் சக்கரத்தில் 12 குழாய்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போட்டோ எடுங்கள். ஒவ்வொரு குழாயும் அடுத்த குழாய் இருந்த இடத்துக்கு வரும்வரை, அதாவது 30 டிகிரி, சக்கரத்தைத் திருப்பிவிட்டு இன்னொரு போட்டோ எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமே தெரியாது. பாதரசத்தின் ஈர்ப்பு மையம் முன்பு இருந்த உயரத்திலேயே இருக்கிறது. எடை எதையாவது தள்ளவேண்டும் என்றால் அது கீழே இறங்கவேண்டும். மொத்தத்தில் இறங்காத எடை எதைத் தள்ளும்?

இந்த இரண்டு போட்டோ யோசனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதே யோசனையைக் கொண்டு ஒருவர் இயற்பியலின் ஒரு பெரிய கதவைத் திறந்தார். அவரிடம் பிறகு வருகிறேன்.

ஒரு பயிற்சி முகாமில் நான் கரும்பலகையில் ஒரு படம் வரைந்தேன். தண்ணீர்த் தொட்டி. அதன் பக்கச் சுவரில் ஒரு நீளமான வெட்டு. அந்த வெட்டில் ஓர் உருளை, பாதி தொட்டிக்குள் தண்ணீரில், பாதி வெளியே காற்றில். நடுவில் அச்சு. தண்ணீரில் இருக்கும் பாதியை மிதப்பு விசை மேலே தள்ளும், வெளியே இருக்கும் பாதியைத் தள்ள எதுவும் இல்லை. அப்படியானால் உருளை சுழன்றுகொண்டே இருக்கவேண்டும் அல்லவா? தண்ணீர் கசியாது, உராய்வு கிடையாது, இரண்டையும் நான் தள்ளுபடி செய்துவிட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இப்படிச் செய்யாவிட்டால் எல்லோரும் உராய்வின் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். இந்த எந்திரங்களில் பெரும்பாலானவை உராய்வே இல்லாவிட்டாலும் ஓடாதவை.

முதல் ஐந்து நிமிடம் விதியின் பெயர்தான் வந்தது. ஏற்கவில்லை. ஆர்க்கிமிடீஸ் வந்தார். அவர் சொன்னது நாற்புறமும் நீர் சூழ்ந்த பொருளுக்குத்தானே, இங்கே பாதிதானே நீரில் இருக்கிறது என்று ஒருவர் தயங்கினார். நல்ல தயக்கம். பிறகு ஒரு மாணவி எழுந்து வந்து சாக்பீஸை வாங்கினாள். நீர் அழுத்தம் எந்தப் பரப்பையும் செங்குத்தாகத்தான் தள்ளும் என்று சொல்லிக்கொண்டே, உருளையின் விளிம்பில் ஒவ்வொரு இடமாக அம்புக்குறி போட்டாள். கீழே நீளமான அம்பு, மேலே குட்டை அம்பு. நாலாவது அம்பு போடும்போது கை நின்றது. “சார், எல்லா அம்பும் அச்சுக்குத்தான் போகுது!”

வட்டத்தின் விளிம்புக்குச் செங்குத்தாகப் போடும் கோடு எல்லாம் மையத்தின் வழியாகத்தான் போகும். கதவின் கீலைத் தள்ளினால் கதவு திறக்குமா? அச்சை நோக்கித் தள்ளும் விசைக்குத் திருப்புத்திறன் சுழியம். தண்ணீர் உருளையைத் தள்ளவே செய்கிறது, பலமாகத் தள்ளுகிறது. ஆனால் அந்தத் தள்ளல் முழுவதும் அச்சைத் தாங்கும் இரும்பின்மேல் போய் விழுகிறது. சுற்றுவதற்கு ஒரு துளியும் மிஞ்சுவதில்லை. அழுத்தம் செங்குத்தாகச் செயல்படும் என்ற வரியை அந்த அறையில் எல்லோரும் பல வருடம் படித்திருந்தார்கள். அது எதற்காகப் பாடத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பலருக்குப் புரிந்தது.

அதே தொட்டிக்கு ஒரு தங்கை உண்டு. சங்கிலியில் கோத்த காலிப் பெட்டிகள், தொட்டிக்குள் மிதந்து மேலேறி, வெளியே காற்றில் இறங்கி, அடியில் ஒரு கதவு வழியாக மறுபடி உள்ளே வரும். இங்கே அம்புக்குறி உதவாது, கணக்குதான் உதவும். பெட்டி ஒரு கன மீட்டர் என்றும், உள்ளே நுழையும் இடம் 5 மீட்டர் ஆழம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆழத்தில் ஒரு சதுர மீட்டரில் தண்ணீர் 5 டன் எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. அதை எதிர்த்து ஒரு மீட்டர் உள்ளே நகர்த்தினால்தான் பெட்டி நுழையும். 5 டன், 1 மீட்டர். நுழைந்த பெட்டியை 1 டன் மிதப்பு விசை 5 மீட்டர் மேலே ஏற்றுகிறது. 1 டன், 5 மீட்டர். வாசலில் கட்டிய தொகையைத்தான் மாடியில் திருப்பிக் கொடுக்கிறார்கள், ஒரு பைசா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆழத்தை 10 மீட்டராக்கிப் பாருங்கள். அப்போதும் அதேதான்.

இனி அந்தக் கதவைத் திறந்தவர். சைமன் ஸ்டெவின், 1548இல் புரூஜ் நகரில் பிறந்தவர், நெதர்லாந்தில் பணியாற்றிய பொறியாளர். படித்தவர்கள் லத்தீனில் எழுதிய காலத்தில், எடைகளைப் பற்றிய தம் நூலை 1586இல் தாய்மொழியான டச்சிலேயே எழுதி வெளியிட்டார். அவர் முன் இருந்த கேள்வி: வழுவழுப்பான சாய்தளத்தில் வைத்த பாரத்தை நழுவாமல் பிடிக்க எவ்வளவு விசை தேவை? இன்று பத்து விநாடியில் சைன் தீட்டா போட்டுவிடுவோம். அன்று விசையைக் கூறுபோடும் முறை யாரிடமும் தயாராக இல்லை.

ஸ்டெவின் ஒரு முக்கோண மேட்டை வரைந்தார். அடிப்பக்கம் கிடையாக, மேலே இரண்டு சரிவுகள். ஒரு சரிவு மற்றதைவிட இரண்டு மடங்கு நீளம். அதன்மேல் 14 சம எடைக் குண்டுகள் கோத்த ஒரு மாலையைப் போட்டார். நீளச் சரிவில் நான்கு குண்டு, குட்டைச் சரிவில் இரண்டு, மிச்சம் எட்டும் மேட்டுக்கு அடியில் தொங்குகின்றன. மாலை எந்தப் பக்கம் நகரும்?

நான்கு குண்டு இருக்கும் பக்கம் நகரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குண்டு இடம் நகர்ந்ததும் என்ன ஆகும்? அடுத்த குண்டு அந்த இடத்துக்கு வந்திருக்கும். நான்கு, இரண்டு, எட்டு. பழைய படமேதான். அப்போது நகர்ந்தது என்றால் இப்போதும் நகரவேண்டும், நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். யாரும் தள்ளாமல் ஒரு மாலை காலமெல்லாம் சுற்றுவது அபத்தம் என்றார் ஸ்டெவின். ஆகவே மாலை நகராது. தொங்கும் எட்டு குண்டுகள் இருபுறமும் சமமாக இழுக்கின்றன, எனவே அவற்றை வெட்டி எறிந்துவிடலாம். மீதி, நீளச் சரிவில் நான்கு, குட்டைச் சரிவில் இரண்டு, அசையாமல் நிற்கின்றன. சரிவுகளின் நீளம் என்ன விகிதமோ, ஒன்றையொன்று தாங்கும் எடைகளும் அதே விகிதம். சாய்தளத்தின் விதி கிடைத்துவிட்டது.

ஒரு தராசு தூக்கவில்லை. ஒரு கோணத்தையும் அளக்கவில்லை. சைன் என்ற சொல் தேவைப்படவில்லை. மற்றவர்கள் ஓயாமல் ஓடும் எந்திரத்தைத் தேடி வீட்டை விற்றுக்கொண்டிருந்தபோது, அது ஓடாது என்பதையே ஸ்டெவின் உளியாகப் பிடித்தார். ஆற்றல் அழிவின்மை விதி உருப்பெற அதற்குப்பின் இன்னும் இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. மேயரும் ஜூலும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் 1840களில்தான் வருகிறார்கள். ஸ்டெவினின் மாலையைப் பாடப்புத்தகத்தில் சாய்தளத்துக்கு முதல் படமாகப் போடவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதைவிட அழகான நிரூபணத்தைப் பள்ளி இயற்பியலில் நான் பார்த்ததில்லை.

அதே உளியை 1824இல் சாடி கார்னோ எடுத்தார். வெப்ப எந்திரம் ஒன்றின் திறனுக்கு மேல்வரம்பு உண்டா என்ற கேள்விக்கு, வரம்பை மீறும் எந்திரம் ஒன்று இருந்தால் அதை இன்னொன்றோடு இணைத்து ஓயாத எந்திரம் செய்துவிடலாமே, அது நடவாதே என்று வாதிட்டார். வெப்ப இயக்கவியல் அந்த வாதத்திலிருந்து வளர்ந்தது.

ஏமாற்றுக்காரர்கள் கதை நீளமானது. ஒன்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் கண்ணும் காதும் இயற்பியல் செய்கின்றன. 1812இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சார்லஸ் ரெட்ஹெஃபர் என்பவர், தாமே ஓடும் எந்திரம் ஒன்றைக் காட்டிக் காசு வாங்கினார். சோதிக்க வந்தவர்களுக்குப் பூட்டிய அறையின் ஜன்னல் வழியாகப் பார்க்கத்தான் அனுமதி. அவர்களில் ஒருவரோடு வந்த மகன் பற்சக்கரங்களைக் கவனித்தான். பற்கள் தேய்ந்திருந்தன, ஆனால் தேயவேண்டிய பக்கத்தில் தேயவில்லை. எந்திரம் அடுத்த சக்கரத்தை ஓட்டவில்லை, அந்தச் சக்கரம்தான் எந்திரத்தை ஓட்டுகிறது என்று பற்களே காட்டிக்கொடுத்தன. ரெட்ஹெஃபர் அடுத்து நியூயார்க்குக்குப் போனார். அங்கே 1813இல் பார்க்க வந்தவர் நீராவிக் கப்பல் புகழ் ராபர்ட் ஃபுல்டன். எந்திரத்தின் ஓட்டம் சீராக இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்குகிறது என்பது அவருக்குப் பட்டது. கையால் சுற்றும் கிராங்குக்குத்தான் அந்த லயம் உண்டு. பலகைகளைப் பெயர்த்துப் பார்த்தால், சுவருக்குள் ஒரு நரம்புக் கயிறு. அதைப் பிடித்துக்கொண்டே போனால் மேல்மாடி அறையில் ஒரு கிழவர் உட்கார்ந்து கிராங்கைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பாரீஸ் அறிவியல் கழகம் 1775லேயே இப்படிப்பட்ட எந்திரங்களைப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. நம் நாட்டின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்திலும், நிலைபெற்ற இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரண்படும் எதுவும் கண்டுபிடிப்பாகாது என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. அலுவலகங்களுக்கு இது சரி, அவர்களுக்கு நேரம் முக்கியம். வகுப்பறைக்கு இது சரியில்லை. வகுப்பறையில் நேரம் அதற்காகத்தான் இருக்கிறது.

புதிரைத் திருப்பியும் போடலாம். நியூசிலாந்தின் டனீடின் நகரில், ஒடாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. ஆர்தர் பெவர்லி 1864இல் செய்தது. இதுவரை யாரும் அதற்குச் சாவி கொடுத்ததில்லை. இங்கே கேட்கவேண்டியது, காசு எங்கிருந்து வருகிறது என்பது. அடைத்த பெட்டிக்குள் இருக்கும் காற்று பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது. ஒரு நாளில் சுமார் 3 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால், ஒரு பவுண்டு எடையை ஓர் அங்குலம் தூக்கும் ஆற்றல் அதற்குக் கிடைத்துவிடுகிறது. வெப்பம் போதிய அளவு மாறாத நாட்களில் கடிகாரம் நின்றும் இருக்கிறது. நின்ற நாட்கள்தான் அது நேர்மையான எந்திரம் என்பதற்குச் சாட்சி.

பொம்மைக் கடையில் கிடைக்கும் தண்ணீர் குடிக்கும் பறவையும் இதே ஜாதி. தலையில் ஈரம் ஆவியாகும்போது தலை குளிர்கிறது, உள்ளே ஆவி சுருங்குகிறது, வயிற்றிலிருக்கும் திரவம் கழுத்தில் ஏறி, பறவை குனிகிறது. அதை ஒரு பெரிய கண்ணாடி ஜாடியால் மூடிவையுங்கள். எதிரே தண்ணீர் நிறைந்த தம்ளர் இருந்தும், உள்ளே காற்று ஈரத்தால் நிறைந்ததும் பறவை குடிப்பதை நிறுத்திவிடும். அது வாழ்ந்தது தண்ணீரால் மட்டுமில்லை, காய்ந்த காற்றாலும்தான். பிள்ளைகள் தாங்களே இதைக் கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

உங்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். அகல்விளக்கில் எண்ணெய் திரிவழியாகத் தானே மேலேறுகிறது. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் நிறுத்தினால் சுமார் 3 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறும். அப்படியானால் திரியால் ஏறிய தண்ணீரை மேலிருந்து சொட்டவிட்டு, சொட்டும் தண்ணீரால் ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுற்றவைத்து, மறுபடி அதே பாத்திரத்தில் விழவைக்கலாமே?

இன்றிரவு ஒரு தம்ளரில் விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் ஊற்றுங்கள். பழைய வேட்டித் துணியில் ஒரு கீற்றைக் கிழித்து நனைத்து, ஒரு முனை உள்ளே, ஒரு முனை வெளியே இருக்கும்படி விளிம்பில் போடுங்கள். வெளியே தொங்கும் முனை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் சொட்டும். அந்த முனையை மடித்து மட்டத்துக்கு மேலே கொண்டுவாருங்கள். துணி முழுவதும் ஈரமாகவே இருக்கும், ஆனால் ஒரு சொட்டும் விழாது. காலையில் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். நுனிவரை ஏறி வந்த தண்ணீர் அங்கே ஏன் நின்றது? ஒரு சொட்டும் விழாதபோது தம்ளரில் தண்ணீர் எப்படிக் கொஞ்சம் குறைந்தது? பதிலாக விதியின் பெயரைச் சொன்னால் ஏற்காதீர்கள். காகிதமும் பென்சிலும் கொடுத்து, அம்புக்குறி போடச் சொல்லுங்கள்.